நீதிபதி பதவிக்கு ஓட்டுக் கேட்கும் உள்ளூர் வக்கீல்: புளோரிடா வாக்காளர்களுக்கு ஓர் எளிய விளக்கம்

புளோரிடாவில் ஆகஸ்ட் மாத ஓட்டுச்சீட்டைப் பிரித்தால், தெரிந்த பதவிகளுக்கெல்லாம் கீழே 'சர்க்யூட் நீதிபதி, 13-வது சர்க்யூட், குழு 9' என்பது போல ஒரு தலைப்பு இருக்கும். அதன் கீழே இரண்டு மூன்று பெயர்கள். பக்கத்தில் கட்சிப் பெயர் இருக்காது. அவர்கள் யார், இதுவரை என்ன வேலை பார்த்தார்கள் என்று ஒரு வரி கூட இருக்காது. புதிதாகக் குடியுரிமை வாங்கி முதல் தடவை ஓட்டுப் போடுகிறவர்கள் பலர் இந்த இடத்தில் குழம்பி, கட்டத்தை அப்படியே வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். நீதிபதியைத் தேர்தல் வைத்தா தேர்ந்தெடுப்பார்கள் என்ற கேள்வி நம் ஊரிலிருந்து வந்த எவருக்கும் எழும். பரீட்சையும் நேர்முகத் தேர்வும் வைத்து நீதிபதிகளை எடுக்கும் முறையைத்தானே நாம் பார்த்து வளர்ந்திருக்கிறோம்.

அந்தப் பெயர்களுக்கு உரியவர்கள் பெரும்பாலும் அந்த ஊர் வக்கீல்கள். ஒருவர் பத்து வருடமாக அரசுத் தரப்பில் குற்ற வழக்கு நடத்தியவராக இருப்பார். இன்னொருவர் விவாகரத்து வழக்குகளைப் பார்க்கும் தனி அலுவலகம் வைத்திருப்பார். ஏற்கனவே அந்த இருக்கையில் இருக்கும் நீதிபதியும் சில சமயம் களத்தில் இருப்பார். இவர்களில் ஒருவரை ஆறு வருடத்துக்கு நீதிபதி ஆக்குவது நம் ஓட்டுதான்.

முதலில் எந்த நீதிமன்றத்துக்கு ஓட்டுக் கேட்கிறார்கள் என்று பார்த்துவிடலாம். புளோரிடாவில் விசாரணை நீதிமன்றங்கள் இரண்டு அடுக்கு. கவுன்டி நீதிமன்றம் சின்ன வழக்குகளுக்கானது: போக்குவரத்து அபராதம், வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லும் வழக்கு, சிறு குற்றங்கள், 2023 முதல் 50,000 டாலர் வரையிலான பணத் தகராறுகள். அதற்கு மேற்பட்ட தொகைகள், பெருங்குற்றங்கள், விவாகரத்து, குழந்தைகள் யாரிடம் இருக்க வேண்டும் என்ற வழக்கு, உயில் எல்லாம் சர்க்யூட் நீதிமன்றத்துக்குப் போகும். மாநிலத்தில் மொத்தம் 67 கவுன்டிகள், அதாவது நம் ஊர் மாவட்டம் போன்றவை. அவற்றைத் தொகுத்து 20 சர்க்யூட்டுகள். டாம்பா நகரம் இருக்கும் ஹில்ஸ்பரோ கவுன்டி மட்டுமே தனியாக 13-வது சர்க்யூட்.

இந்தப் பட்டியலை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் யார் உட்காருகிறார்கள் என்று நாம் மணிக்கணக்கில் பேசுகிறோம். ஆனால் ஒரு சாதாரணக் குடும்பம் வாழ்நாளில் ஒரு நீதிபதியை நேருக்கு நேர் பார்க்க வேண்டி வந்தால், அவர் அநேகமாகக் கவுன்டி நீதிபதியாகவோ சர்க்யூட் நீதிபதியாகவோதான் இருப்பார். வீட்டு உரிமையாளர் முன்பணத்தைத் திருப்பித் தராத வழக்கும், மகன் குடித்துவிட்டு வண்டி ஓட்டிப் பிடிபட்ட வழக்கும் அவரிடம்தான் போகும். மேல்முறையீடு என்று ஒன்று இருந்தாலும் பெரும்பாலானோர் அதற்குச் செலவழிக்க முடியாமல் அவர் சொன்னதோடு நின்றுவிடுவார்கள். அதனால்தான் அந்தக் கட்டத்தை வெறுமையாக விடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அமெரிக்காவில் இந்தப் பழக்கம் எப்படி வந்தது? கூட்டரசு நீதிபதிகளை அதிபர் நியமிப்பார், செனட் ஒப்புக்கொள்ளும், அவர்களுக்கு ஆயுட்காலப் பதவி. மாநில நீதிமன்றங்களை எப்படி நடத்துவது என்பது அந்தந்த மாநிலத்தின் பாடு. 1832-ல் மிசிசிப்பி தன் எல்லா நீதிபதிகளையும் மக்களே தேர்ந்தெடுக்கட்டும் என்று முடிவு செய்தது. 1846-ல் நியூயார்க் அதே வழியில் போன பிறகு மற்ற மாநிலங்கள் வரிசையாகச் சேர்ந்தன. ஆளுநரும் சட்டமன்றமும் தங்களுக்கு வேண்டியவர்களை நீதிபதி ஆக்குகிறார்கள், அந்தப் பிடியிலிருந்து நீதிமன்றத்தை விடுவிக்க வேண்டும் என்பது அப்போதைய வாதம். பின்னால் கட்சிக்காரர்களின் பிடி வேறு வந்து சேர்ந்ததால், 1940-ல் மிசௌரி மாநிலம் ஒரு கலப்பு முறையைக் கொண்டுவந்தது. ஒரு குழு தகுதியானவர்களைப் பரிந்துரைக்கும், ஆளுநர் அதில் ஒருவரை நியமிப்பார், அப்புறம் மக்கள் 'இவர் தொடரலாமா, வேண்டாமா' என்று மட்டும் ஓட்டுப் போடுவார்கள். புளோரிடா தன் மேல்முறையீட்டு நீதிபதிகளுக்கு 1970-களில் இந்த முறையை எடுத்துக்கொண்டது. விசாரணை நீதிபதிகளுக்கும் இதையே வைக்கலாமா என்று 2000-ம் ஆண்டு ஒவ்வொரு சர்க்யூட்டிலும் கவுன்டியிலும் மக்களிடம் கேட்டார்கள். ஓர் இடம் விடாமல் எல்லோரும் 'வேண்டாம், நாங்களே தேர்ந்தெடுக்கிறோம்' என்று சொல்லிவிட்டார்கள்.

சரி, ஒரு வக்கீல் எப்படி வேட்பாளர் ஆகிறார்? சர்க்யூட் நீதிபதிக்கு நிற்க ஐந்து வருடம் 'புளோரிடா பார்' என்ற மாநில வக்கீல் சங்கத்தில் உறுப்பினராக இருந்திருக்க வேண்டும். மக்கள்தொகை குறைந்த கவுன்டிகளைத் தவிர மற்ற கவுன்டி நீதிபதி பதவிக்கும் இதே விதிதான். வேட்புமனு வாரம் ஏப்ரலில் வரும், திங்கள் நண்பகல் தொடங்கி வெள்ளி நண்பகலோடு முடிந்துவிடும். கட்டணம், அந்தப் பதவியின் ஆண்டுச் சம்பளத்தில் நான்கு சதவீதம். சம்பளம் ஒன்றே முக்கால் லட்சம் டாலரைத் தாண்டும் என்பதால், கையிலிருந்து 7,000 டாலருக்கு மேல் வைத்தால்தான் பெயர் பட்டியலில் ஏறும். அது முடியாதவர்கள் தொகுதி வாக்காளர்களில் ஒரு சதவீதம் பேரிடம் கையெழுத்து வாங்கித் தரலாம்.

இதில் வெளியே தெரியாத ஒரு கணக்கு உண்டு. ஒவ்வொரு நீதிபதி இருக்கைக்கும் ஓர் எண் இருக்கிறது, அதைத்தான் 'குழு' என்கிறார்கள். வேட்பாளர் எந்த எண்ணுக்குப் போட்டியிடுகிறார் என்பதை அவரேதான் முடிவு செய்ய வேண்டும். பதவியில் இருக்கும் நீதிபதியின் எண்ணைத் தேர்ந்தெடுத்தால் அவரை எதிர்த்து நிற்பதாக அர்த்தம். தோற்றுவிட்டால், அடுத்த வாரமே அதே நீதிபதியின் முன்னால் தன் கட்சிக்காரருக்காக எழுந்து நின்று வாதாட வேண்டியிருக்கும். எந்த வக்கீலுக்குத்தான் அந்தத் தைரியம் எளிதில் வரும்? அதனால் ஒரு நீதிபதி ஓய்வு பெற்றுக் காலியாகும் இருக்கையைத் தேடி மூன்று நான்கு பேர் முண்டியடிப்பார்கள். கடைசி நாள்வரை யார் எந்தக் குழுவில் இருக்கிறார்கள் என்று ஒருவரை ஒருவர் கவனித்துக்கொண்டே இருப்பார்கள், கெடு முடிவதற்குள் குழுவை மாற்றிக்கொள்வதும் நடக்கும். எதிர்த்து யாருமே மனு போடாவிட்டால் வெள்ளிக்கிழமை நண்பகலோடு அவர் தேர்ந்தெடுக்கப்பட்டதாகவே ஆகிவிடும், ஓட்டுச்சீட்டில் பெயர் கூட வராது. பதவியில் இருக்கும் நீதிபதிகள் பலர் இப்படித்தான் மறுபடி உள்ளே போகிறார்கள்.

மனு போட்ட பிறகு ஆரம்பிப்பதுதான் இந்தத் தேர்தலின் விசித்திரமான பகுதி. மற்ற வேட்பாளர்கள் செய்யும் எல்லாவற்றையும் இவரும் செய்யலாம். தெரு ஓரத்தில் பெயர்ப் பலகை நடலாம், கோயில் விழாவுக்கும் தேவாலயத்துக்கும் வந்து கை குலுக்கலாம். ஆனால் 'என்னைத் தேர்ந்தெடுத்தால் இதைச் செய்வேன்' என்று வாக்குறுதி மட்டும் கொடுக்கக் கூடாது. நாளை தன் முன் வரப்போகும் வழக்கில் எந்தப் பக்கம் சாய்வார் என்று இன்றே சொல்லிவிட்டவரிடம், அந்த எதிர்ப்பக்கத்துக்காரர் எந்த நம்பிக்கையில் போய் நிற்பார்?

எஸ்காம்பியா கவுன்டியில் நடந்ததைப் பார்த்தால் இது புரியும். 1998-ல் பாட்ரிசியா கின்சி என்ற வழக்கறிஞர் அங்கே கவுன்டி நீதிபதி பதவிக்கு நின்றார். போலீஸ்காரர்களோடு நிற்கும் படம், அவர்களுக்குத் துணையாக இருப்பேன், குற்றவாளிகளை உள்ளே வைப்பேன் என்ற தொனியில் துண்டுப் பிரசுரங்கள். ஜெயித்தும் விட்டார். ஆனால் நீதிபதிகளின் நடத்தையை விசாரிக்கும் ஆணையம் அவர் மேல் நடவடிக்கை எடுத்தது. போலீஸ் பக்கம் என்று ஊரறியச் சொன்னவரிடம் போலீஸ் கைது செய்த ஒருவர் எப்படி நியாயம் எதிர்பார்ப்பார் என்பதுதான் வழக்கின் சாரம். 2003-ல் புளோரிடா உச்ச நீதிமன்றம் அவரைப் பகிரங்கமாகக் கண்டித்து 50,000 டாலர் அபராதம் விதித்தது. மானட்டி கவுன்டியில் இதே வகைப் பிரசாரம் செய்து ஜெயித்த இன்னொரு நீதிபதியின் விஷயம் இன்னும் தீவிரமாகப் போய், 2001-ல் அவரைப் பதவியிலிருந்தே நீக்கினார்கள்.

அப்படியானால் வேட்பாளர் வாயையே திறக்கக் கூடாதா என்றால், அதுவும் இல்லை. 2002-ல் மினசோட்டா மாநிலத்திலிருந்து வந்த வழக்கில், நீதிபதி வேட்பாளர்கள் சட்டப் பிரச்சினைகள் பற்றித் தங்கள் கருத்தைச் சொல்லவே கூடாது என்ற விதியை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் ரத்து செய்தது. கருத்துச் சொல்லலாம், வழக்கை இப்படித்தான் தீர்ப்பேன் என்று உறுதி கொடுக்கத்தான் கூடாது. அந்த அமர்வில் பெரும்பான்மையோடு இருந்த நீதிபதி சாண்ட்ரா டே ஓ'கானர் தனியாக ஒரு குறிப்பும் எழுதினார். நடுநிலைக்குப் பங்கம் என்று மாநிலம் கவலைப்பட்டால், நீதிபதிக்குத் தேர்தல் வைத்து அந்தக் கவலையைத் தேடிக்கொண்டது மாநிலமேதான் என்பது அதன் கருத்து. ஓய்வுக்குப் பிறகும் அவர் நாடு முழுக்கப் போய் இந்தத் தேர்தல் முறைக்கு எதிராகப் பேசினார்.

என்னைப் பொறுத்தவரை இந்த முறையின் பெரிய சிக்கல் பேச்சு அல்ல, பணம். பலகை அடிக்கவும் தபாலில் அட்டை அனுப்பவும் பணம் வேண்டும். உள்ளூர் நீதிபதித் தேர்தலுக்குப் பொதுமக்கள் யாரும் நன்கொடை தருவது அபூர்வம். அப்போது யார் தருவார்கள்? நாளை அந்த நீதிபதியின் முன்னால் நிற்கப்போகும் வக்கீல்கள்தான் தருவார்கள். ஒரு நபர் ஒரு தேர்தலுக்கு ஒரு வேட்பாளருக்கு 1,000 டாலர் வரை தரலாம். வேட்பாளர் தன் சொந்தப் பணத்தைப் போட்டுக்கொள்ள உச்சவரம்பு கிடையாது, எனவே வசதியுள்ளவருக்கு இங்கே தொடக்கத்திலேயே ஒரு கை ஓங்கியிருக்கும்.

இந்த இடத்தில்தான் டாம்பாவின் லனெல் வில்லியம்ஸ்-யூலி வருகிறார். 1991 முதல் புளோரிடா பார் உறுப்பினர். ஹில்ஸ்பரோ கவுன்டி நீதிபதி பதவிக்கு நிற்க முடிவு செய்து 2009-ல் ஒரு கடிதம் எழுதினார். நீதிமன்றத்துக்குப் புதிய சிந்தனைகளைக் கொண்டுவர ஆசை என்று சொல்லி, பிரசாரத்தைத் தொடங்க 25, 50, 100, 250 அல்லது 500 டாலர் தந்து உதவுமாறு கேட்டு, தன் கையெழுத்தைப் போட்டுத் தபாலில் அனுப்பினார். தன் இணையதளத்திலும் போட்டார். மற்ற எந்தத் தேர்தலிலும் இது தினமும் நடக்கும் காரியம். ஆனால் புளோரிடாவில் நீதிபதி வேட்பாளர் தானே பணம் கேட்கக் கூடாது. அவருக்காக ஒரு பிரசாரக் குழு அமைத்து, அந்தக் குழுதான் கேட்க வேண்டும். கடிதத்தால் அவருக்குப் பணமும் வரவில்லை, தேர்தலில் தோற்றும் போனார். அதற்கு மேல் பார் அவர் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுத்து, பகிரங்கக் கண்டனமும் 1,860 டாலர் செலவுத் தொகையும் அவர் தலையில் விழுந்தது.

அவர் விடவில்லை. பணம் கேட்பதும் பேச்சுரிமைதான் என்று வாஷிங்டன் வரை போனார். 2015 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மீண்டும் 5-க்கு 4 என்று பிரிந்து, விதி செல்லும் என்று தீர்ப்பளித்தது. தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் எழுதிய தீர்ப்பில் ஒரு வரி: வாக்குப் பெட்டி வழியாகப் பதவிக்கு வந்தாலும் நீதிபதிகள் அரசியல்வாதிகள் அல்ல.

தீர்ப்பில் எல்லோருக்கும் உறுத்தும் ஓர் ஓட்டை இருக்கிறது, மறுத்த நீதிபதிகளும் அதைச் சுட்டிக்காட்டினார்கள். குழுதான் பணம் கேட்கிறது என்றாலும், யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று வேட்பாளர் தெரிந்துகொள்ளலாம், நன்றிக் கடிதம் கூட எழுதலாம். அப்புறம் இந்தத் திரை எதற்கு? ராபர்ட்ஸின் பதில் எனக்கு ஓரளவு ஒப்புகிறது. நீதிபதி ஆகப்போகிறவர் நேரில் வந்து கை நீட்டும்போது ஒரு வக்கீலால் மறுக்க முடியாது, அந்த நெருக்கடியையாவது தடுக்க வேண்டும் என்கிறார். சின்ன ஊரில் வக்கீல் தொழில் பார்ப்பவர்களுக்கு அந்த நெருக்கடி எவ்வளவு உண்மையானது என்று தெரியும். ஆனாலும் ஓட்டை ஓட்டைதான். நன்கொடைப் பட்டியலைப் பார்க்கும் வேலை வாக்காளர் தலையில்தான் விழுகிறது.

நியமனத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஏனென்றால் தேர்தல் மாநிலம் என்று பெயர் இருந்தாலும் நீதிபதிகள் பலர் முதலில் உள்ளே போவது அந்த வழியாகத்தான். ஒரு நீதிபதி பதவிக்காலத்தின் நடுவில் விலகினாலோ இறந்தாலோ, ஒன்பது பேர் கொண்ட ஒரு நியமனக் குழு பெயர்களைப் பரிந்துரைக்க, ஆளுநர் ஒருவரை நியமிப்பார். பதவிக்காலம் முடியும்வரை இருந்தால் தேர்தல், கொஞ்சம் முன்னால் போனால் ஆளுநர் கையில். ஜாக்சன்வில்லில் ஒரு சர்க்யூட் நீதிபதியின் காலம் 2019 ஜனவரி முதல் வாரத்தில் முடிய இருந்தது. அவர் 2018 டிசம்பர் 31-லேயே விலகுவதாகக் கடிதம் கொடுத்தார். அந்தச் சில நாள் இடைவெளி போதும், அந்த இருக்கை ஆளுநரின் நியமனத்துக்குப் போனது. போட்டியிட ஆசைப்பட்ட ஓர் உள்ளூர் வக்கீல் வழக்குப் போட்டார். கீழ் நீதிமன்றத்தில் அவருக்குச் சாதகமாக வந்தது, மேல்முறையீட்டில் ஆளுநர் ஜெயித்தார். சட்டப்படி சரி என்று சொல்லிவிட்டார்கள். ஓட்டுப் போட வேண்டிய மக்களிடமிருந்து ஒரு தேர்தலைச் சில நாள் வித்தியாசத்தில் எடுத்துவிட்டது நியாயமாக எனக்குப் படவில்லை.

இப்போது நம் வேலைக்கு வருவோம். கட்சி இல்லை, வாக்குறுதி இல்லை. அப்படியானால் எதை வைத்து ஓட்டுப் போடுவது? எதுவும் தெரியாதபோது மக்கள் பெயரை வைத்துப் போட்டுவிடுகிறார்கள். சிகாகோவில் ஐரிஷ் பெயர்களுக்கு ஓட்டு அதிகம் விழுகிறது என்று கண்டு சில வக்கீல்கள் பெயரையே மாற்றிக்கொண்டார்கள். அதனால் 2007-ல் இல்லினாய் மாநிலம், அண்மையில் பெயர் மாற்றியவர்கள் பழைய பெயரையும் ஓட்டுச்சீட்டில் காட்ட வேண்டும் என்று சட்டம் போட வேண்டியதாயிற்று. இந்த ஆபத்து நம் பெயர்களுக்கும் உண்டு. வாயில் நுழையாத பெயர் என்று ஒருவரைத் தள்ளிவிடவும், நம் ஊர்ப் பெயர் என்பதற்காகவே ஒருவரைத் தூக்கிவிடவும் இதைவிட எளிதான தேர்தல் கிடையாது.

நான் பார்க்கச் சொல்வது, அவர் இதுவரை வக்கீலாக எப்படி நடந்துகொண்டார் என்பதைத்தான். புளோரிடா பார் இணையதளத்தில் எந்த வக்கீலின் பெயரைத் தட்டினாலும், எந்த ஆண்டு சேர்ந்தார், கடந்த பத்தாண்டுகளில் ஒழுங்கு நடவடிக்கை உண்டா என்று காட்டும். வேட்பாளர்கள் தாங்களாகவே நிரப்பித் தரும் சுயவிவர அறிக்கைகளையும் பார் வெளியிடுகிறது. எத்தனை விசாரணைகளை முழுதாக நடத்தினார், எந்த வகை வழக்குகள், ஏன் நீதிபதி ஆக நினைக்கிறார் என்பதெல்லாம் அதில் இருக்கும். அறிக்கையே தராதவர்களும் உண்டு, அதையும் ஒரு தகவலாக எடுத்துக்கொள்ளலாம். நன்கொடைப் பட்டியல், கவுன்டி நீதிபதிக்கு உங்கள் கவுன்டித் தேர்தல் அலுவலக இணையதளத்தில் கிடைக்கும், சர்க்யூட் நீதிபதிக்கு மாநிலத் தேர்தல் பிரிவில் கிடைக்கும். மொத்தத் தொகையை விட, பணம் எங்கிருந்து வந்தது என்பதைப் பாருங்கள். ஒரே சட்ட நிறுவனத்தைச் சேர்ந்த பத்துப் பேர் ஆளுக்கு ஆயிரம் கொடுத்திருக்கிறார்களா, பலர் சிறு சிறு தொகையாகக் கொடுத்திருக்கிறார்களா, முழுக்கச் சொந்தப் பணமா என்பது தெரிந்துவிடும்.

தெரிந்த வக்கீல் யாராவது இருந்தால் அவரிடம் கேட்பது இன்னும் நல்லது. 'இவர் ஜெயிப்பாரா' என்று கேட்காமல், 'எதிர்த் தரப்பில் இவர் இருந்தால் உங்களுக்கு எப்படி இருக்கும்' என்று கேளுங்கள். காகிதங்களை நேரத்துக்குத் தருகிறவரா, சொன்ன வார்த்தையைக் காப்பாற்றுகிறவரா, கத்துகிறவரா என்று எதிரில் உட்கார்ந்தவருக்குத்தான் தெரியும். களத்தில் இருப்பவர் ஏற்கனவே நீதிபதி என்றால் இன்னும் வசதி. பெரும்பாலான விசாரணைகள் பொதுமக்களுக்குத் திறந்தவை. ஒரு காலை நேரம் போய்ப் பின் வரிசையில் உட்கார்ந்து, வக்கீல் வைக்க முடியாமல் தனியாக வந்து நிற்கும் வாடகைக்காரரிடம் அவர் எப்படிப் பேசுகிறார் என்று பாருங்கள். எந்தப் பிரசார அட்டையிலும் அது அச்சாகி வராது.

கடைசியாகத் தேதி விஷயம், இதைத் தவற விடுகிறவர்கள்தான் அதிகம். ஆகஸ்டில் நடப்பது கட்சிகளின் உள்தேர்தல், எந்தக் கட்சியிலும் பதிவு செய்யாத எனக்கு அதில் வேலை இல்லை என்று நம்மவர்கள் பலர் நினைக்கிறார்கள். கட்சி வேட்பாளர்களுக்குத்தான் அந்தக் கட்டுப்பாடு. நீதிபதித் தேர்தலில் கட்சி இல்லாததால், பதிவு செய்த எல்லா வாக்காளரும் ஆகஸ்டிலேயே ஓட்டுப் போடலாம். தபால் ஓட்டு வேண்டுமென்று முன்பு ஒரு முறை கேட்டிருந்தால் அது தானாகத் தொடராது, ஒவ்வொரு பொதுத் தேர்தலுக்குப் பிறகும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். ஆகஸ்டில் யாராவது பாதிக்கு மேல் ஓட்டு வாங்கிவிட்டால் கதை அங்கேயே முடிந்துவிடும். இல்லாவிட்டால் மட்டுமே முதல் இரண்டு பேர் நவம்பரில் மோதுவார்கள். இரண்டே பேர் நிற்கும் குழுவில் யாராவது ஒருவர் பாதியைத் தாண்டித்தானே ஆக வேண்டும், எனவே நவம்பர் சீட்டில் அந்தத் தலைப்பே இருக்காது.